குளத்தை மூடிய நாலாவது ஞாயிறு

வீட்டு நீச்சல் குளத்தைக் குளிர்காலத்துக்கு மூடுவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. தண்ணீரின் வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் பதினைந்து பாகைக்குக் கீழே நிற்க வேண்டும். இரசாயன அளவுகள் சரியாக இருக்க வேண்டும். தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். அதாவது, ஆழமான பக்கத்தில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுக் கரையில் நின்று பார்த்தால் அது தலையா பூவா என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கலங்கிய தண்ணீரை அப்படியே மூடிவைத்தால், மே மாதம் திறக்கும்போது கிடைப்பது குளமல்ல, கீரைக்கறி.

இது இணையத்தில் பொறுக்கிய அறிவல்ல. இரசாயனவியலில் பட்டம் எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்து, கவுன்சில் ஒன்றின் பொது நீச்சல் தடாகங்களில் இருபத்தெட்டு வருடம் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்தவன் நான். கடைசி எட்டு வருடம் நடைமுறைக் கையேடுகள் எழுதுவதே என் வேலையாக இருந்தது. மொத்தம் மூன்று எழுதினேன். அதில் ஒன்றை இயந்திர அறைக் கதவு சாத்தாமல் இருப்பதற்காக அடியில் செருகி வைத்திருந்ததை என் கண்ணால் கண்டேன். தீ விபத்து விதிகளின்படி அந்தக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். அதுவும் அந்தக் கையேட்டில்தான் எழுதியிருந்தது.

ஹவுன்ஸ்லோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் குளம் ஏற்கெனவே இருந்தது. முதல் சொந்தக்காரர் ஒரு விமானி. வெயில் நாடுகளுக்கு அடிக்கடி போய்வந்ததில் தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டார் போலும். பத்து மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் இரண்டு மீற்றர் ஆழம். வருடத்தில் நாலு மாதம் நீந்தலாம். மிச்ச எட்டு மாதமும் அதைப் பற்றிக் கவலைப்படலாம். வீடு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மீன் வளர்க்கலாமே என்றார் ஒருவர். மண்ணைக் கொட்டி முருங்கை வைக்கச் சொன்னார் இன்னொருவர். நீந்தலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை.

என் மனைவியும் சொல்லவில்லை. முதல் பதினைந்து வருடம் அவள் அந்தக் குளத்தின் ஓரத்தில் உடுப்புக் காயப்போட்டாள், அவ்வளவுதான். அவளுடைய தங்கை ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு இடம்பெயர்ந்து எங்களுக்கு அடுத்த தெருவில் குடியேறிய பிறகுதான் நிலைமை மாறியது. என் மச்சாள் அங்கே முப்பது வருடம் இருந்தவர். நீந்தத் தெரியாத தாய் பள்ளிக்கூடப் பயணத்தில் துணைக்கு வர முடியாது என்று பிள்ளையின் ஆசிரியை சொல்லிவிட்டாளாம். அந்தக் கோபத்தில் பழகியிருக்கிறார். கோபத்தில் பழகியவர்கள் நன்றாகப் பழக்குவார்கள். புதனும் சனியும் வகுப்பு. என் மனைவியும், தெருவிலுள்ள இன்னும் இரண்டு பெண்களும் மாணவிகள். எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பொதுத் தடாகத்துக்குப் போக வெட்கம். எங்கள் வளவில் மதில் உண்டு. மேலே ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானங்களில் இருப்பவர்கள் பார்க்கமாட்டார்களா என்று ஒருத்தி கேட்டபோது, அவர்கள் இருக்கைப் பட்டியைக் கட்டும் அவசரத்தில் இருப்பார்கள் என்று மச்சாள் சமாதானம் சொன்னார். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் கறுப்பு உடுப்பு. தூரத்தில் பார்த்தால் கடற்படைச் சுழியோடிகள் பயிற்சி எடுப்பதுபோல இருக்கும்.

மற்ற இருவரும் முதல் கோடையிலேயே குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்திவிட்டார்கள். என் மனைவியால் முடியவில்லை. ஆறாவது மீற்றரில் சுவரோடு ஒரு நீல ஓட்டு வரிசை இறங்குகிறது. அதற்கு அப்பால் அவளுடைய கால் தரையில் முட்டாது. அதுவரைக்கும் அழகாக நீந்துவாள். நீலக் கோடு வந்ததும் கண் பக்கவாட்டில் போகும், கை சுவரைத் தேடும். முதல் வருடம் அப்படி. இரண்டாம் வருடமும் அப்படி. மூச்சும் இருக்கிறது, கையும் காலும் ஒழுங்காக வேலை செய்கின்றன, கோடுதான் பிழை என்றார் மச்சாள். அந்த ஓடுகளைப் பெயர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆழம் ஓட்டில் இல்லை என்று எனக்குத் தெரியாமலில்லை.

இது மூன்றாவது வருடம். ஆவணி மாதத்தில் ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாகக் கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதுபோல, சொன்னாள்.

"இந்த வருஷம் அந்தத் தொங்கல் சுவரைத் தொடாட்டில் இனி நான் தண்ணிக்குள்ளை இறங்கமாட்டன்."

மற்றவர்கள் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவள் சொன்னால் சொன்னதுதான். கார் ஓட்டும் சோதனையில் மூன்றாம் தடவை தவறியபோதும் இதேமாதிரிதான், இனி ஸ்டியரிங் வளையத்தைத் தொடமாட்டேன் என்றாள். இருபத்தாறு வருடமாகத் தொடவில்லை. கோயிலுக்கும் கடைக்கும் வைத்தியரிடமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு எப்படி ஓட்ட வேண்டும் என்று பிழையில்லாமல் சொல்லித்தருவாள். அவள் ஓட்டியிருந்தால் என்னைவிட நன்றாக ஓட்டியிருப்பாள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம். ஆகவே குளத்தை மூடும் நாள் அவளுக்கு என்ன நாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், நிபந்தனைகள் மூன்றுதான். அவற்றில் மனைவி வரவில்லை.

புரட்டாதி நடுவில் தண்ணீர் பதினேழு பாகைக்கு வந்தது. பிறகு பதினாறு. மாதக் கடைசியில் மூன்று நாள் பதினாலரையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மூடுகிறேன் என்று அறிவித்தேன். சனிக்கிழமை வகுப்பில் நீலக் கோட்டில் சுவரைப் பிடித்தாள்.

ஞாயிறு காலை நாணயத்தைப் போட்டேன். தலையுமில்லை, பூவுமில்லை, நாணயமுமில்லை. முந்தின நாள் பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது.

கலங்கிய தண்ணீரை மூடக்கூடாது. அடி தெரியாத தண்ணீரில் யாரும் இறங்கவும் கூடாது. வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டு, இரண்டு தரம் கழுவி, புதன்கிழமைக்குள் தெளிய வைத்தேன். தெளிந்ததும் பெண்கள் இறங்கினார்கள். குளத்தின்மேல் படங்கை விரிக்க உதவும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஞாயிறுதான் ஓய்வு; மூடுவது அடுத்த ஞாயிறுக்குப் போயிற்று.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் செல்லவில்லை. நீர்மட்டத்தில் சுவரைச் சுற்றி ஒரு வழுவழுப்பான கோடு இருந்தது. விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். நல்லெண்ணெய். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகும் நாள். தண்ணீர் தலைக்குள் இறங்கினால் சளியும் தடிமனும் வரும், குளோரின் மயிரைக் கொட்டப்பண்ணும் என்று இந்தப் பெண்கள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அதன்மேல் இறப்பர்த் தொப்பியைப் போடுகிறார்கள். இருபத்தெட்டு வருடத்தில் பொதுத் தடாகங்களில் சன்கிரீம் பார்த்திருக்கிறேன், தலைச்சாயம் பார்த்திருக்கிறேன். எண்ணெய் முழுக்கு எங்கள் சொந்தப் பங்களிப்பு. உடனே ஓர் அறிவித்தல் எழுதி, நனையாத உறையில் இட்டு, குளத்துச் சாமான்கள் வைக்கும் கொட்டிலின் கதவில் ஒட்டினேன். தலையில் எண்ணெயுடன் குளத்தில் இறங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. இங்ஙனம், நிர்வாகம்.

மச்சாள் அதை நின்று முழுக்க வாசித்தார்.

"நிர்வாகம் எண்டால் ஆர் அத்தான்? அக்காவோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் கீழ்ப்படிந்தார்கள். அடுத்த சனிக்கிழமை மூவரும் உலர்ந்த தலையோடு வந்தார்கள். என் மனைவி மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். நாற்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்த முதலாவது அறிவித்தல் அது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது ஞாயிறும் குளம் கலங்கிக் கிடந்தது.

இப்போது இது என் தொழிலுக்கு விடப்பட்ட சவால் ஆகிவிட்டது. அமிலத்தன்மை பார்த்தேன், சரி. குளோரின் சரி. சுண்ணாம்பு சரி. வடிகட்டியின் மணலைத் திறந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பின்வளவில் இறைச்சி வாட்டும் புகையிலிருந்து கொழுப்புத் துளிகள் காற்றில் வருகின்றனவா என்று இரண்டு மாலை நின்று காற்றின் திசையைக் குறித்தேன். வரவில்லை. ஒரே ஒரு விஷயம் இடறியது. எண்ணெய்க் கோட்டோடு இந்தமுறை கொஞ்சம் நுரையும் இருந்தது. வெறும் எண்ணெய் நுரைக்காது. மச்சாள் புதன்கிழமை துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, உங்கள் குளத்துக்கு என்ன வருத்தம், ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்று விசாரித்தார். ஆராய்ச்சி நடக்கிறது என்றேன். அன்றும் சனிக்கிழமையும் வகுப்பு நடந்தது. அன்றும் சனிக்கிழமையும் என் மனைவி நீலக் கோட்டில் சுவரைப் பிடித்தாள்.

மூன்றாவது ஞாயிறு வழக்கத்தைவிட முந்தி விழிப்பு வந்தது. ஏழு மணி. பக்கத்தில் ஆளில்லை. வெப்பநிலை குறிக்கலாம் என்று கீழே வந்து குசினி யன்னலால் பார்த்தேன். என் மனைவி வீட்டு அங்கிக்கு மேலே என் மழைக் கோட்டைப் போட்டு, என் இறப்பர்ச் சப்பாத்தோடு, குளத்தின் மேல்தண்ணீரை வடிகட்டிக்கு இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கையில் நான் குளோரின் அளக்கும் அளவுச் சாடி. பக்கத்தில் நல்லெண்ணெய்ப் போத்தல். அதற்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவும் திரவம். இரண்டையும் சாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்தி அளவு பார்த்து, என் கண்ணாடிக் கோலால் கலக்கினாள். நுரை எழும்பாமல் மெதுவாகக் கலக்கினாள். வாய்க்குள் ஊற்றினாள். பம்பைப் போட்டாள்.

எண்ணெய் தனியே மிதக்கும். சவர்க்காரம் சேர்ந்தால்தான் தண்ணீரோடு கலந்து வெண்மையாகும். இது பொதுவாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அல்ல. இது என் இரண்டாவது கையேட்டின் ஏழாம் அத்தியாயம்.

நான் கதவைத் திறந்து வெளியே போனேன்.

"எத்தினை மில்லி?"

அவள் திடுக்கிடவில்லை. "நூற்றைம்பது. இருநூறுக்கு மேலை போனால் வடிகட்டிக்குக் கூடாதெண்டு எழுதியிருக்கிறியள்."

"அதை வாசிச்சனீரே?"

"இரண்டு தரம் வாசிச்சனான். ஏழாம் அத்தியாயத்திலை ஒரு கணக்குப் பிழையும் கிடக்கு."

கோபப்படுவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. இரண்டு வாரம், ஒன்பது தரம் வடிகட்டி கழுவியிருக்கிறேன். ஆனால் கதவுக்கு முட்டுக் கொடுக்கப்பட்ட அந்தக் கையேட்டை ஒரு மனிதப் பிறவி இரண்டு தரம் வாசித்திருக்கிறது என்ற செய்தி முதலில் வந்துவிட்டது. கோபம் வரிசையில் பின்னால் நின்றது. (பிழை உண்மையில் இருந்தது. பக்கம் ஐம்பத்தெட்டில், பெருக்க வேண்டிய இடத்தில் பிரித்திருந்தேன். எட்டு வருடம் அதை ஒருவரும் காணவில்லை.)

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேட்டால் மூண்டு நிபந்தனையைச் சொல்லுவியள்."

சொல்லியிருப்பேன். அவள் பக்கத்தில் குந்தினேன். முழங்கால் சத்தம் போட்டது. தண்ணீர் எங்கள் கண்முன்னாலேயே வெளிறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வகுப்புத்தான் தனக்கு வேண்டியிருந்தது என்றாள். போன வாரமும் அப்படித்தான் நினைத்தாளாம்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது, நல்ல யோசனை என்றும் நினைத்தேன். மூடும்போது எப்படியும் தண்ணீரை ஒன்றரை அடி இறக்க வேண்டும். குழாய் வாய்களுக்குக் கீழே போனால்தான் உறைபனியில் குழாய் வெடிக்காது. அதை முன்னமே இறக்கிவிட்டால் நீலக் கோட்டுக்கு அப்பாலும் கொஞ்சத் தூரம் அவளுக்குக் கால் முட்டும். முட்டும் என்று தெரிந்தாலே பயம் போய்விடும். மூடும் வேலையின் வரிசை மாறுகிறது, பரவாயில்லை என்றேன். வரிசையை மாற்றுவது எனக்குச் சின்ன விஷயமல்ல.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நிண்ட காருக்குள்ளை இருந்து வளையத்தைத் திருப்பிக் காட்டினால் லைசென்ஸ் தருவினமே?"

"இல்லை."

"பேந்தென்ன."

தலைக்கு மேலால் ஒரு விமானம் சக்கரங்களை வெளியே விட்டபடி போனது. பிறகு நான் சொன்னேன், என் வாயால் வருமென்று நானே எதிர்பார்க்காத ஒன்றை.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் மூடமாட்டன். தண்ணி தெளிஞ்சாலும் மூடமாட்டன். எண்ணெய் ஊத்தத் தேவையில்லை."

"எழுதித் தாறியளோ?"

எழுதிக் கொடுத்தேன். கையொப்பமும் திகதியும் இட்டேன். அவள் அதை மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டு தேநீர் போட உள்ளே போனாள்.

அந்த வாரம் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூட முடியாவிட்டாலும் முன்கூட்டிச் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. வடிகட்டியை ஓடவிட்டுத் தண்ணீரைத் தெளிய வைத்தேன். இலைகளை வாரினேன். மூடும் நீலப் படங்கைப் புல்லில் விரித்துக் கழுவினேன். பனிக்கட்டி விரிந்தால் இடம்கொடுப்பதற்காகத் தண்ணீரில் மிதக்கவிடும் வெற்றுப் பிளாஸ்டிக் கான்களைத் தேடி எடுத்தேன். புதன்கிழமை தண்ணீர் பதினாலு பாகை. மற்ற இரு பெண்களும் குளிர் தாங்காமல் கரையில் நின்றுவிட்டார்கள். என் மனைவி இறங்கினாள். கோட்டில் சுவரைப் பிடித்தாள். ஏறி வந்து தலையைத் துவட்டினாள். அன்று இரவுச் சாப்பாட்டில் நாங்கள் இருவரும் குளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம்.

சனிக்கிழமை காற்றில்லை. தண்ணீர் பதின்மூன்றரை. அதற்கு மேல் குளிர்ந்தால் அவளுடைய வயதில் இறங்கக்கூடாது என்று நான் மச்சாளிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடைசி நாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மச்சாள் மார்பளவு தண்ணீரில் ஒரு பக்கமாக நின்றார். நான் ஆழமான முனையில் இலை அள்ளும் வலையின் நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடிக்க ஏதாவது வேண்டும் என்றால் நீட்டலாம். வாயைத் திறக்கக்கூடாது என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை.

அவள் சுவரை உதைத்துப் புறப்பட்டாள். மூன்று மீற்றர், நாலு மீற்றர். மூச்சு ஒழுங்காக இருந்தது. நீலக் கோடு வந்தது. கண் பக்கவாட்டில் போனது. நான் கண்டேன். மச்சாளும் கண்டிருப்பார். யோசிக்காமல் கம்பை நீட்டிவிட்டேன். வலை அவளுடைய முகத்துக்கு ஓரடி முன்னால் போய்த் தண்ணீரில் விழுந்தது.

"உந்தக் கம்பை எடுங்கோ!" என்றாள்.

நீந்தும்போது பேசினால் தண்ணீர் வாய்க்குள் போகும். போயிற்று. இருமினாள், முகம் ஒருதரம் தாழ்ந்தது, மேலே வந்தது. ஆனால் என்மீது வந்த எரிச்சலில் சுவரைத் தேட மறந்துபோனாள். நான் கம்பை இழுத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாள். ஏழாவது மீற்றர். அவளுக்குக் கீழே இரண்டு மீற்றர் தெளிந்த தண்ணீர். அடியில் நான் சோதனைக்குப் போட்ட நாணயம் பூவாகக் கிடந்தது. நீச்சல் அழகாக இல்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். என் காலடியில் சுவரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

கரையில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏணி எங்கை?"

ஆழமான முனையில் ஏறிவர ஓர் உருக்கு ஏணி உண்டு. மூடும் வேலையில் அதைக் கழற்றுவது நாலாவது படி. முன்கூட்டியே செய்யலாம். வியாழக்கிழமை நான்தான் கழற்றிக் கழுவி, துடைத்து, திருகாணிகளை ஒரு பையில் கட்டிக் கொட்டிலில் வைத்திருந்தேன். மூன்று வருடமாக அவள் தொட ஆசைப்பட்ட முனைக்கு வந்து சேரும் வேளையில் அங்கிருந்து ஏறிவரும் வழியை எடுத்துவிட்டேன், சரியான நடைமுறைப்படி.

கையைக் கொடுத்தேன். எனக்கு எழுபத்தொரு வயது. முதுகு என் கட்டுப்பாட்டில் இல்லை. இழுத்தால் நானும் உள்ளே போவேன் என்பது இருவருக்கும் தெரிந்தது. விளிம்பைப் பிடித்துப் பிடித்து ஓரமாகவே வரலாம், தான் வந்து பக்கத்தில் நிற்கிறேன் என்றார் மச்சாள். பாதுகாப்பான யோசனை. கையேட்டிலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

என் மனைவி விளிம்பைப் பார்த்தாள். அதன் வழியே சுற்றி வரவேண்டிய தூரத்தைப் பார்த்தாள். "உது எத்தினை மணித்தியாலம் செல்லும்," என்றாள். சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். காலால் உதைத்தாள்.

இந்தமுறை ஆழத்திலிருந்து புறப்பட்டாள். நீலக் கோடு நடுவழியில் வந்தது. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. நான் கம்பைப் புல்லில் போட்டுவிட்டு ஓரத்தால் கூடவே நடந்தேன். பத்து மீற்றரை நான் அவ்வளவு மெதுவாக ஒருநாளும் நடந்ததில்லை. ஆழமில்லாத பக்கத்தில் கால் ஊன்றி எழும்பி நின்று, இருமி, மூக்கைச் சிந்தினாள். உதடு நீலம். மச்சாள் அவளைத் துவாயால் சுற்றி முதுகில் இரண்டு அடி போட்டார்.

"அக்கா, ஒண்டு கேட்டால் இரண்டு குடுத்திருக்கிறாய்."

"அவர் ஏணியை வைச்சிருந்தால் ஒண்டோடை விட்டிருப்பன்," என்றாள் என் மனைவி.

மறுநாள் ஞாயிறு. மூன்று நிபந்தனைகளும் பொருந்தியிருந்தன. காலை பத்து மணிக்குத் தண்ணீரை இறக்கத் தொடங்கினேன். மதியத்துக்குள் குழாய்களை ஊதி வெறுமையாக்கி வாய்களை அடைத்தேன். பம்பைக் கழற்றி உள்ளே எடுத்தேன். கான்களைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டேன். படங்கை விரிக்க இரண்டு பேர் வேண்டும். மற்ற வருடங்களில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். இந்தமுறை அவள் கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியுமாக வந்து மறுபக்க மூலைகளைப் பிடித்தாள். சளி பிடித்திருந்தது. எண்ணெய் வைக்காமல் இறங்கியதால்தான் பிடித்தது என்றாள். நான் அதை மறுக்கப் போகவில்லை.

படங்கு குளத்தின் மேல் நீலமாக இறங்கியது. விளிம்பில் பாரத்துக்குத் தண்ணீர்ப் பைகளை வைத்துக்கொண்டு போனோம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடைசிப் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எப்போது திறப்பது என்று கேட்டாள். மே மாதம், தண்ணீர் பன்னிரண்டு பாகைக்கு வந்ததும் திறப்பது, இறங்குவதற்குக் குறைந்தது பதினாறு வேண்டும் என்று சொன்னேன். திறக்கும்போது எது முதலில் என்று கேட்டாள். படங்கைக் கழற்றுவது, தண்ணீரை நிரப்புவது, ஏணியைப் பூட்டுவது என்று வரிசையாகச் சொன்னேன்.

"ஏணியை உடனை பூட்டவேண்டாம்," என்றாள். "மற்ற ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போனால் ஏணியாலை ஏறிவந்து தேத்தண்ணி குடிக்கினம். திரும்பி வந்ததில்லை."

எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று கேட்டேன். ஆனி வரைக்கும் என்றாள். கொட்டிலுக்குப் போய் ஏணியை முன்வரிசையிலிருந்து எடுத்து, புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் சாத்திவிட்டு வந்தேன்.